காலிப் பெட்டிக்கு என்ன விலை?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இன்னைக்கு பொம்மை ரயில் பத்திப் பேசப் போறோம். கோயம்புத்தூர் பக்கம் 'டாய் ட்ரெயின்'னு சொன்னா உடனே மேட்டுப்பாளையத்துலேருந்து ஊட்டிக்குப் போற மலை ரயில்தான் ஞாபகம் வரும். நான் சொல்றது அது இல்ல. சாவி குடுத்தா தரையில ஓடுமே, அந்த ரயில். அதுலயும் ரயிலைப் பத்திக் கொஞ்சமாத்தான் பேசப் போறேன். அது வந்த அட்டைப் பெட்டியைப் பத்தித்தான் இந்த எபிசோட்.

எனக்கு சொந்த ஊரு தாராபுரம். எங்க ஊருக்கு ரயில் கிடையாது. ரயில் ஏறணும்னா திருப்பூர் போகணும், இல்லேன்னா பழனி, உடுமலை, ஈரோடு. ஈரோட்டுலேருந்து தாராபுரம் வழியா பழனிக்கு ஒரு பாதை வேணும்னு பல வருஷமா கேட்டுக்கிட்டே இருக்காங்க. ரயிலே இல்லாத ஊருல இருந்து ஒருத்தன் பொம்மை ரயிலோட காலிப் பெட்டியைப் பத்திப் பேசுறானேன்னு சிரிக்காதீங்க. விஷயம் இருக்கு.

முதல்ல ஒரு அடிப்படைக் கேள்வி. பழைய பொம்மைக்கு விலை இருக்கு, சரி. அதை வச்சிருந்த பெட்டிக்கு எதுக்கு விலை?

பெட்டி ஏன் அபூர்வம்?

இங்கிலாந்துல லிவர்பூல் நகரத்துல மெக்கானோன்னு ஒரு கம்பெனி இருந்துச்சு. அதை ஆரம்பிச்சவர் ஃபிராங்க் ஹார்ன்பி. 1920-ல அவரோட பேருலயே சாவி குடுத்து ஓடுற தகர ரயில்கள் வெளிவந்துச்சு. 1938-ல அதைவிடச் சின்ன அளவுல 'ஹார்ன்பி டப்ளோ'ன்னு இன்னொரு வரிசை வந்துச்சு. லிவர்பூல் ஃபேக்டரியை 1979-ல மூடிட்டாங்க. ஆனா அங்க செஞ்ச ரயில்கள் இன்னைக்கும் ஏலத்துக்கு வந்துக்கிட்டுதான் இருக்கு.

இப்ப ஒரு குழந்தை கிறிஸ்துமஸ் காலையில அந்தப் பெட்டியைத் திறக்குதுன்னு வச்சுக்குவோம். ரயிலை எடுக்கும், தண்டவாளத்தை மாட்டும், ஓட்டும். பெட்டி? பத்து நாள்ல ஓரம் கிழியும். ஒரு மாசத்துல அடுப்புக்கோ குப்பைக்கோ போயிரும். ரயில் தகரம், இரும்பு. அம்பது வருஷம் அலமாரி மேல கிடந்தாலும் கிடக்கும். அட்டை அப்படி இல்ல. அதனால நூறு ரயில் பொழைச்சா, கூடவே நல்ல நிலைமையில பொழைச்ச பெட்டி அதைவிட ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும். ரயில் கையில இருக்கிற அத்தனை பேரும் அந்தக் கொஞ்சப் பெட்டிக்குத்தான் போட்டி போடுறாங்க. விலை ஏறுறதுக்கு முதல் காரணம் அது.

இரண்டாவது காரணம், பெட்டி ஒரு சாட்சி. எஞ்சின்ல பேரும் நம்பரும்தான் இருக்கும். பெட்டியில மாடல் நம்பர், நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பினாங்க, எந்தக் கடையில வித்தாங்க, இதெல்லாம் இருக்கும். மெக்கானோ கம்பெனி தன்னோட பெட்டிகள்ல ஒரு ஓரமா சின்ன எழுத்துல ஒரு குறியீடு அச்சடிச்சிருக்கும். அந்தப் பெட்டி எந்த மாசம், எந்த வருஷம் அச்சாச்சுன்னு அதை வச்சே சொல்லலாம். பெட்டியோட நிறமும் காலத்தைக் காட்டும். டப்ளோ வரிசையில முதல்ல நீலப் பெட்டி, அப்புறம் நீலமும் வெள்ளையும் பட்டை போட்ட பெட்டி, கடைசியில சிவப்புப் பெட்டி. விவரம் தெரிஞ்சவங்க தூரத்துல பெட்டியைப் பார்த்தே காலத்தைச் சொல்லிருவாங்க.

மூணாவது, முழுமை. பெட்டிக்குள்ள ரயில் மட்டும் வராது. சாவி, எப்படி ஓட்டணும்னு சொல்ற தாள், உத்தரவாதச் சீட்டு, ரயில் ஆடாம இருக்க வச்ச அட்டைத் துண்டு, இப்படி நிறைய உதிரி இருக்கும். அத்தனையும் பெட்டியோட சேர்ந்துதான் தப்பிக்கும். பெட்டி போச்சுன்னா அதெல்லாமும் போச்சு.

அமெரிக்காவுல பொம்மை ரயில் சேகரிக்கிறவங்க 1954-லயே ஒரு சங்கம் ஆரம்பிச்சுட்டாங்க. ரயிலோட நிலைமைக்கு மார்க் போட சி-1லேருந்து சி-10 வரைக்கும் ஒரு அளவுகோல் வச்சிருக்காங்க. அதோட நிக்கல. பெட்டிக்குன்னு தனியா பி-1லேருந்து பி-10 வரைக்கும் இன்னொரு அளவுகோல். மடிப்பு கிழிஞ்சிருக்கா, மூடியோட காது இருக்கா, விலை ஸ்டிக்கரை உரிச்ச தழும்பு இருக்கா, எல்லாத்தையும் பார்ப்பாங்க. ரயிலுக்கு ஒரு மார்க் ஷீட், பெட்டிக்கு ஒரு மார்க் ஷீட்.

ஒருத்தர்கிட்ட ரயில் மட்டும் இருக்கும், இன்னொருத்தர்கிட்ட பெட்டி மட்டும் இருக்கும். ரெண்டையும் வாங்கி ஒண்ணு சேர்க்கிறதுக்கு அவங்க பாஷையில பேரு என்ன தெரியுமா? 'மேரேஜ்'. நெஜமாவே அதான் பேரு. நம்ம ஊர்ல ஜாதகம் பார்க்கிற மாதிரி அங்க மாடல் நம்பரும் வருஷமும் பொருந்துதான்னு பார்ப்பாங்க. பொருந்தலைன்னா அந்தக் கல்யாணத்துக்கு மதிப்புக் குறைவு.

இந்தியாவுல இது இல்லையா?

இருக்கு. அதே மெக்கானோ கம்பெனிதான் டிங்கி டாய்ஸ்ங்கிற சின்ன உலோகக் காருங்களையும் செஞ்சது. 1960களோட கடைசியில சில பழைய டிங்கி அச்சுக்களை கல்கத்தாவுல இருந்த ஒரு கம்பெனி வாங்குச்சு. அதே காருங்க இங்க 'நிக்கி டாய்ஸ்'ங்கிற பேருல வந்துச்சு. டிங்கிக்குப் பதிலா நிக்கி. பெட்டியும் டிங்கி பெட்டியோட சாயல்லதான் இருக்கும். இன்னைக்கு வெளிநாட்டு கலெக்டருங்க அந்த நிக்கி காரைத் தேடுறாங்க. பெட்டியோட கிடைச்சா ரொம்ப சந்தோஷம், ஏன்னா இந்தியாவுல வித்த கதை முழுசும் அந்தப் பெட்டி மேலதான் இருக்கு.

இன்னும் பக்கத்துல வரணும்னா ஃபன்ஸ்கூல். எம்.ஆர்.எஃப். குழுமத்தோட கம்பெனி, தலைமையகம் சென்னை, 1987-ல ஆரம்பிச்சது. 'ஜி.ஐ. ஜோ' வீரர் பொம்மைகளை அவங்க இந்தியாவுல தயாரிச்சாங்க. அமெரிக்காவுல வராத நிறங்கள்ல இங்க சில பொம்மைங்க வந்துச்சு. அதனால அமெரிக்காவுல இருக்கிற கலெக்டர் நம்ம ஃபன்ஸ்கூல் பொம்மையைத் தேடுறார். அதுவும் அட்டையில ஒட்டி, பிளாஸ்டிக் கூடு உடையாம இருக்கிறதா வேணும். இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிற உங்க அண்ணன்மாருங்க பாதிப் பேர் அந்த அட்டையை ரெண்டு செகண்டுல பிய்ச்சு எறிஞ்சிருப்பாங்க. அதுல தப்பே இல்ல, பொம்மைன்னா அதுக்குத்தானே. ஆனா அப்படி லட்சம் பசங்க பிய்ச்சதாலதான் மிச்சமான நாலு அட்டைக்கு இன்னைக்கு விலை.

நம்ம வீட்டுல கணக்கு தலைகீழ்

இதுவரைக்கும் சொன்னது வெளியூர்க் கணக்கு. பொம்மை பொழைச்சுக்கும், பெட்டி செத்துரும். எங்க ஊர்ப் பக்கம் வீடுகள்ல நான் பார்த்தது இதுக்கு நேர் எதிர்.

நம்ம வீட்டுல ஒரு பொம்மை ரயில் வந்தா அது ஒரு குழந்தைக்கு வர்றது இல்ல. அக்கா புள்ளைங்க, சித்தப்பா புள்ளைங்க, பக்கத்துத் தோட்டத்துப் புள்ளைங்கன்னு பத்துப் பேருக்கு அது ஒண்ணு. மூணு மாசத்துல சக்கரம் கழண்டுரும், ஸ்பிரிங் அறுந்துரும், தகரம் நெளிஞ்சு பழைய இரும்புக்காரன் பேரீச்சம்பழத்துக்கு வாங்கிட்டுப் போயிருவான். ஆனா பெட்டி? நல்ல கெட்டி அட்டை, மூடி போட்ட பெட்டி. அதை எங்க ஆத்தாமாருங்க தூக்கிப் போடுவாங்களா? கிஸ்தி ரசீது வைக்க, ஜாதகம் வைக்க, பட்டன், ஊசி, நூல்கண்டு வைக்க. துணிக்கடைப் பெட்டி, பிஸ்கட் டின், ஸ்வீட் பெட்டி எல்லாத்துக்கும் இதே கதைதான். பொம்மை போயிருச்சு, பெட்டி பரண் மேல பத்திரமா இருக்கு.

எங்க பெரியம்மா வீட்டுல அப்படி ஒண்ணு இருக்கு. தாராபுரத்துலேருந்து கொஞ்ச தூரத்துல தோட்டத்து வீடு. நீளமான ஒரு அட்டைப் பெட்டி, மூடி மேல புகை விட்டுக்கிட்டு வர்ற எஞ்சின் படம். கம்பெனிப் பேரு இருந்த இடம் கிழிஞ்சு போச்சு. ரயில் எப்பவோ போயிருச்சு. பெட்டிக்குள்ள நிலத்துப் பத்திரத்தோட நகலும் பழைய ரசீதுகளும்.

இந்தப் பெட்டி எந்தக் காலத்தது? அதை அந்தப் பெட்டியை வச்சே கண்டுபிடிச்சோம். நீங்களும் உங்க வீட்டுப் பெட்டிக்கு இதைச் செஞ்சு பார்க்கலாம்.

முதல்ல விலாசம். பெட்டியோட அடியில ஆங்கிலத்துல 'பம்பாய்-3'ன்னு இருந்துச்சு. ஊரு பேரு, பக்கத்துல ஒண்ணு ரெண்டு இலக்கம் மட்டும். ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல தான் வந்துச்சு. அப்ப பெட்டி பெரும்பாலும் அதுக்கு முந்தினது. 'பெரும்பாலும்'னு ஏன் சொல்றேன்னா, பழைய அச்சடிச்ச அட்டை மிச்சம் இருந்தா அதுக்கப்புறமும் பயன்படுத்தியிருப்பாங்க. ஒரே ஒரு அடையாளத்தை வச்சு முடிவு பண்ணக் கூடாது.

அடுத்து விலை. கடைக்காரர் பென்சில்ல எழுதியிருந்தார்: 6 ரூ. 50 ந.பை. 'ந.பை.'ன்னா நயா பைசா. 1957 ஏப்ரல் 1-ல தசம நாணயம் வந்தப்ப, பழைய பைசாவோட குழப்பம் வரக் கூடாதுன்னு 'நயா' பைசான்னு சொன்னாங்க. 1964 ஜூன்ல 'நயா'வை எடுத்துட்டாங்க. விலை அணாவுல இருந்தா அது 1957-க்கு முன்னாடி. ந.பை.ன்னு இருந்தா நடுவுல அந்த ஏழு வருஷம். பேச்சு வழக்கத்துல இன்னும் ரெண்டு வருஷம் சேர்த்துக்கலாம்.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கடையோட சின்ன லேபிள்: 'தாராபுரம், கோவை ஜில்லா'. எங்க ஊரு ஒரே இடத்துலதான் இருக்கு, ஆனா மாவட்டம் மாறிக்கிட்டே இருக்கும். 1979 வரைக்கும் கோயம்புத்தூர் மாவட்டம். அப்புறம் பெரியார் மாவட்டம். 1990களோட நடுவுல அதுக்கு ஈரோடு மாவட்டம்னு பேரு மாத்தினாங்க. 2009-ல திருப்பூர் மாவட்டம். அதனால எங்க ஊர்க் கடையோட பில்லோ லேபிளோ கிடைச்சா, மாவட்டத்தைப் பார்த்தாலே காலம் பாதி தெரிஞ்சுரும்.

மூணையும் சேர்த்துப் பார்த்தா, 1957-க்கும் 1960களோட நடுவுக்கும் இடையில வாங்கின பெட்டி. கிட்டத்தட்ட அறுபது வருஷம் ஆச்சு.

இதே முறையில பிந்தின காலத்துப் பெட்டிக்கும் சொல்லலாம். 'சென்னை மாகாணம்'னு இல்லாம 'தமிழ்நாடு'ன்னு இருந்தா 1969-க்கு அப்புறம். ஆங்கிலத்துல மெட்ராஸ் போய் சென்னை வந்திருந்தா 1996-க்கு அப்புறம். பம்பாய் மும்பையானது 1995, கல்கத்தா கொல்கத்தாவானது 2001. ரூபாய்க்கு இப்ப இருக்கிற குறியீடு இருந்தா 2010-க்கு அப்புறம். பொம்மைப் பெட்டியில ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தா பெரும்பாலும் 2021-க்கு அப்புறம், ஏன்னா அந்த வருஷம் ஜனவரியிலதான் பொம்மைகளுக்கு அது கட்டாயமாச்சு. பெட்டியில பிசிறு மாதிரி இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் ஒரு தேதி.

மூடிக்கு உள்பக்கம்

இந்தப் பெட்டியோட போட்டோவை இன்ஸ்டாகிராம்ல போட்டேன். பெங்களூருல இருந்து ஒரு கலெக்டர் பேசினார். அவர்கிட்ட இதே மாதிரி தகர ரயில் இருக்கு, பெட்டி இல்ல. மேரேஜ் பண்ணணும். காலிப் பெட்டிக்கு 4,000 ரூபாய் தர்றேன்னார். நல்ல மனுஷன், பேரம்கூடப் பேசல. ஒரு ஞாயித்துக்கிழமை நேர்லயே வந்துட்டார்.

பெட்டியைத் திறந்து மூடியைத் திருப்பினார். உள்பக்கம் முழுக்க மைப் பேனாவுல எழுத்து. எங்க பெரியப்பாவோட அப்பா, நாங்க 'அப்பாரு'ம்போம், அவரு எழுதினது. 1966-ல தோட்டத்துல கிணறு வெட்டினப்ப கூலிக் கணக்கு. எந்தத் தேதியில எத்தனை ஆளு, யாருக்கு எவ்வளவு, பாறைக்கு மருந்து வச்சது எந்த நாள், தண்ணி ஊறினது எந்த நாள். பதினோரு பேரோட பேரு இருக்கு. நோட்டு வாங்கக் காசு இல்லையோ, கையில இருந்தது இதுதானோ, தெரியல. மூடியில எழுதி வச்சிருக்கார்.

கலெக்டர் பார்த்துட்டு வருத்தப்பட்டார். இந்த எழுத்தால பெட்டியோட மார்க் ரொம்ப இறங்கிரும்னார். அப்புறம் சொன்னார், 'பரவாயில்ல, பேப்பர் சுத்தம் பண்றவங்க இருக்காங்க, மையை எடுத்துரலாம். இல்லேன்னா உள்பக்கம் மேல ஒரு தாள் ஒட்டிரலாம்.'

பெரியம்மா அதுவரைக்கும் காபி குடுத்துட்டு சும்மா உக்காந்திருந்தாங்க. 'ஏனுங் தம்பி, அதைய அழிச்சுப்போட்டா, கெணறு வெட்டுன ஆளுக பேரு அப்புறம் எங்க இருக்குமுங்க?'ன்னாங்க.

யாருக்கும் பதில் இல்ல. நெஜமாவே வேற எங்கயும் இல்ல. பத்திரத்துல கிணறு இருக்கு, அளவு இருக்கு, யாரு நிலம்னு இருக்கு. வெட்டினது யாருன்னு எந்த ஆபீஸ் காகிதத்துலயும் கிடையாது. அந்தப் பதினோரு பேரும் அந்த மூடியில மட்டும்தான் இருக்காங்க.

இங்க ரெண்டு பக்கத்துலயும் நியாயம் இருக்கு. கலெக்டருக்கு அந்தப் பெட்டி எப்படிக் கடையிலேருந்து வந்துச்சோ அப்படியே வேணும். அதுக்கப்புறம் நடந்தது எல்லாம் அவரோட கணக்குல சேதாரம். எங்க பெரியம்மாவுக்கு அதுக்கப்புறம் நடந்ததுதான் பெட்டி. அவங்களுக்கு ரயிலே ஞாபகம் இல்ல. சேகரிப்பு உலகத்தோட மார்க் ஷீட்டு ஒரு பொருள் கடையை விட்டு வெளியே வந்த நிமிஷத்தோட நின்னுருது. ஒரு வீட்டுல அந்தப் பொருள் வாழ்ந்த அறுபது வருஷத்துக்கு அதுல கட்டமே கிடையாது.

பெட்டியை விக்கல. ஆனா அந்த மனுஷனை வெறுங்கையோடயும் அனுப்பல. மூடியோட மேல்பக்கம், நாலு ஓரம், அடிப்பக்கம் எல்லாத்தையும் நல்லா ஸ்கேன் பண்ணிக் குடுத்தோம். அதை வச்சு அவரோட ரயிலுக்கு ஒரு நகல் பெட்டி செஞ்சுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: நகல்னு பெட்டியிலயே அச்சடிக்கணும், வருஷமும் போடணும். ஒத்துக்கிட்டார், அப்படியே செஞ்சார். போட்டோ அனுப்பினார்.

நகல், போலி

அந்த நிபந்தனை ஏன் முக்கியம்னு சொல்றேன். பழைய பெட்டியை நகல் எடுக்கிறது தப்பில்ல. வெளிநாட்டுல வெளிப்படையாவே நகல் பெட்டி விக்கிறாங்க, அலமாரியில அழகா வைக்கலாம். பிரச்சினை எப்ப வருதுன்னா, அந்த நகல் ரெண்டு கை மாறி, மூணாவது கையில 'ஒரிஜினல்'னு ஆகும்போது. காலி அட்டைக்கு அவ்வளவு விலைன்னா, அட்டையைப் போலியா அடிக்கிறதுக்கும் ஆள் வருவாங்க. பொம்மையைப் போலி செய்ய அச்சு வேணும், மெஷின் வேணும். பெட்டிக்கு ஒரு நல்ல பிரிண்டர் போதும்.

வாங்குறவங்க என்ன பார்க்கணும்? ஒரு சின்ன பூதக்கண்ணாடி வச்சு அச்சைப் பாருங்க. பழைய ஆஃப்செட், லித்தோ அச்சுல ஒரு ஒழுங்கான புள்ளி அமைப்பு இருக்கும், இல்லேன்னா முழு நிறமா இருக்கும். வீட்டு இங்க்ஜெட்ல மை பொடிப்பொடியா தெளிச்ச மாதிரி இருக்கும். அடுத்து, நோட்டு சரிபார்க்கிற புற ஊதா டார்ச். இப்ப வர்ற வெள்ளைக் காகிதத்துல வெண்மைக்காக ஒரு ரசாயனம் சேர்ப்பாங்க, அது டார்ச் வெளிச்சத்துல நீலமா மின்னும். 1950-க்கு முந்தின காகிதம் பொதுவா அப்படி மின்னாது. போருக்கு முந்தின பெட்டின்னு சொல்லி விக்கிறது ட்யூப்லைட் மாதிரி மின்னுச்சுன்னா, பணத்தைத் திருப்பி பாக்கெட்ல வைங்க. அப்புறம் ஸ்டேபிள் பின். அறுபது வருஷப் பெட்டியில பின் துரு ஏறி, சுத்தி அட்டையில கறை இறங்கியிருக்கணும்.

அப்ப நானும் பிரிக்காம வச்சுக்கட்டுமா?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். இப்ப நிறைய பேர் சின்னக் காரு, ஃபிகர், பிளைண்ட் பாக்ஸ் எல்லாம் வாங்கி, பிரிக்காம அலமாரியில அடுக்கி, 'இன்வெஸ்ட்மென்ட்'னு சொல்றாங்க. சூப்பர் மார்க்கெட் திறக்கிற நேரத்துக்கே போய் நிக்கிறவங்க இருக்காங்க.

நான் சொல்றது இதுதான்: பழைய பெட்டிக்கு விலை வந்தது, யாரும் அதை வச்சுக்கலங்கிறதால. நீங்க இன்னைக்குப் பிரிக்காம வைக்கிறதை உங்களை மாதிரியே ஆயிரம் பேர் பிரிக்காம வைக்கிறாங்க. இருபது வருஷம் கழிச்சு எல்லாரும் ஒரே நேரத்துல விக்க வந்தா, வாங்குறவன் யாரு?

ரெண்டு உதாரணம். 1957-ல அமெரிக்காவுல லயனல் கம்பெனி, பெண் குழந்தைகளுக்குன்னு சொல்லி பிங்க் கலர் எஞ்சின் வச்ச ஒரு ரயில் செட் விட்டாங்க. ஒருத்தருக்கும் பிடிக்கல. விக்காம தேங்குச்சு. பெண் குழந்தைகளுக்கும் நிஜ ரயில் மாதிரி கறுப்பு எஞ்சின்தானே வேணும்! இன்னைக்கு அந்த செட்டு, அதுவும் பெட்டியோட, கலெக்டருங்க தேடித் தேடி வாங்குற பொருள். அன்னைக்கு யாரும் அதை முதலீடா நினைச்சு வாங்கி அடுக்கல.

இன்னொரு பக்கம், 1990கள்ல 'பீனி பேபீஸ்'னு துணி பொம்மை. காதுல ஒரு அட்டை டேக் இருக்கும். அந்த டேக் கசங்கக் கூடாதுன்னு அதுக்கு ஒரு பிளாஸ்டிக் கவரு வாங்கிப் போட்டாங்க. புள்ளைங்க படிப்புச் செலவுக்கு ஆகும்னு பெட்டி பெட்டியா வாங்கினாங்க. பத்தாண்டு முடியறதுக்குள்ள சந்தை விழுந்துருச்சு. ஏன்னா எல்லாரும் டேக்கோட பத்திரமா வச்சிருந்தாங்க.

வேடிக்கையா ஒண்ணு சொல்றேன். 1977-ல ஸ்டார் வார்ஸ் படம் ஓடினப்ப, கென்னர் கம்பெனியால கிறிஸ்துமஸுக்குள்ள பொம்மை செஞ்சு முடிக்க முடியல. என்ன செஞ்சாங்க? உள்ள பொம்மையே இல்லாத அட்டைப் பாக்கெட்டை வித்தாங்க. அதுல ஒரு சான்றிதழ் இருக்கும், அதை அனுப்பினா அடுத்த வருஷம் பொம்மை தபால்ல வரும். காலி அட்டையை நேரடியாவே வித்த கதை அது. இன்னைக்கு அதுவும் கலெக்டர் பொருள்தான்.

அதனால பிடிச்சதை வாங்குங்க, பிரிங்க, விளையாடுங்க. பெட்டியை வைக்க இடம் இருந்தா மடிச்சு வைங்க. காசு வரும்னு நம்பி மட்டும் வாங்காதீங்க.

பெட்டியே இல்லாத பொம்மைங்க

இன்னொரு விஷயம் எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. எங்க பக்கத்துப் புள்ளைங்களுக்கு வந்த பொம்மையில பாதிக்கு மேல பெட்டியே கிடையாது. தேர்க் கடை, பழனிக்குப் போயிட்டு வரும்போது வாங்கினது, சந்தையில வாங்கினது. மர நடைவண்டி, பனை ஓலைக் கிலுகிலுப்பை, மரச் செப்புச் சாமான், தகர விசில். கயித்துல கட்டித் தொங்க விட்டிருப்பாங்க, நியூஸ் பேப்பர்ல சுத்திக் குடுப்பாங்க. மாடல் நம்பர் இல்ல, விலாசம் இல்ல, செஞ்சவர் பேரு இல்ல.

பெட்டிக்குத்தான் மார்க்குன்னா, இதுக்கெல்லாம் என்ன மார்க்? முட்டை. லிவர்பூல் எஞ்சின் எந்த மாசம் பெட்டிக்குள்ள போச்சுன்னு நமக்குத் தெரியுது. நம்ம நடைவண்டியை எந்த ஆசாரி செஞ்சார்னு தெரியல. காரணம் அது மட்டமான பொருள்ங்கிறது இல்ல. அதைப் பத்தி எழுதி ஒட்ட ஒரு அட்டை இல்லாமப் போச்சு, அவ்வளவுதான்.

இதுக்கு செலவில்லாத வழி ஒண்ணு இருக்கு. வீட்டுல அப்படி ஒரு பொம்மை இருந்தா, பெரியவங்க இருக்கும்போதே கேளுங்க. எங்க வாங்கினது, யாருக்கு வாங்கினது, என்ன விலை, செஞ்சவங்க யாருன்னு ஞாபகம் இருக்கா. ஒரு சீட்டுல பென்சில்ல எழுதி, நூல்ல கட்டி, பொம்மையோட வைங்க. நாளைக்கு அந்தப் பொம்மை யார் கைக்குப் போனாலும் அந்தச் சீட்டுதான் அதோட பெட்டி.

கடைசியா, பத்திரமா வைக்கிறது எப்படி?

நிறைய பேர் கேட்கிறதால சுருக்கமா சொல்லிடறேன்.

கிழிஞ்ச ஓரத்துல செல்லோ டேப் ஒட்டாதீங்க. அஞ்சு வருஷத்துல டேப் காஞ்சு விழும், பசை மட்டும் மஞ்சளா அட்டைக்குள்ள இறங்கி அங்கேயே நிக்கும். கிழிசலைக் கிழிசலாவே விடுறது மேல்.

பழைய விலை ஸ்டிக்கரைச் சுரண்டாதீங்க. மேல சொன்ன மாதிரி, அதுதான் தேதி சொல்லும்.

வெயில் படுற இடத்துல வைக்காதீங்க, சிவப்பு முதல்ல போகும். எங்க ஊரு வறண்ட பூமி, காகிதத்துக்கு அது நல்லதுதான், ஆனா கரையான் விடாது. தரையிலயும் சுவரை ஒட்டியும் வைக்காம, இரும்பு அலமாரியில வைங்க.

உள்ள பிளாஸ்டிக் பொம்மை இருந்தா அந்துருண்டை போடாதீங்க. அதோட ஆவி சில வகை பிளாஸ்டிக்கை இளக வைக்கும்.

1970, 80கள்ல வந்த சில பெட்டிங்க உள்ள பஞ்சு மாதிரி ஃபோம் இருக்கும். அது காலப்போக்குல பிசுபிசுன்னு ஆகி எஞ்சின் பெயின்ட்ல ஒட்டிக்கும். அந்த மாதிரி இருந்தா ரயிலை வெளியே எடுத்து, மெல்லிசான வெள்ளைத் தாள்ல சுத்தித் தனியா வைங்க.

முக்கியமா, பரணைச் சுத்தம் பண்ற அன்னைக்கு, பழைய பேப்பர்காரர் தராசைத் தூக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பெட்டியையும் ஒரு தடவை திறந்து பாருங்க. மூடியை மேல்பக்கம் மட்டும் பார்க்காதீங்க, உள்பக்கமும் திருப்பிப் பாருங்க. கிலோ கணக்குல போடற அட்டையில யாரோட பேராவது இருக்கலாம்.

உங்க வீட்டுல அப்படி ஏதாவது கிடைச்சா, விலாசத்தையும் விலையையும் படிச்சு எந்த வருஷத்துதுன்னு நீங்களே முதல்ல கண்டுபிடிச்சுப் பாருங்க. அப்புறம் போட்டோ அனுப்புங்க, சேர்ந்து பார்க்கலாம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.